அட்டை மெஷினுக்குப் பக்கத்து ஜாடி

கார்வர் ரேப்பிட்ஸ், விஸ்கான்சின்
4 நவம்பர் 1996

டாக்டர் அடலின் க்ளக் அவர்களுக்கு,

ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். பாசம் பொங்கி எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காகிதத்தைப் படித்து அதில் எங்கே ஓட்டை என்று சொல்ல ஆள் வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு அந்த மாதிரிக் காகிதம் எழுதியே பிழைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

மார்ச் மாதம் மில்லில் ஒரு காகித உருளை தடம் விட்டு உருண்டு வந்து என் வலது தோளைக் கிழித்தது. வேலையில் பட்ட காயம்தான் என்று இன்ஷூரன்ஸ்காரனும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை ஷிஃப்டில் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தேன். நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு அல்சர் என்றார்கள். இப்போது இன்ஷூரன்ஸ்காரன் புதுப் பாட்டுப் பாடுகிறான்: தோள் எங்களுடையது, வயிறு உன்னுடையது.

அவர்கள் அனுப்பிய டாக்டர் பதினொரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கணக்கு என் மனைவி மார்லிஸுடையது, வாசலிலேயே கடிகாரத்தோடு நின்றாள். பிறகு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். பிராந்தியாம், சிகரெட்டாம், கவலைப்படும் சுபாவமாம். வெள்ளிக்கிழமை மீனோடு இரண்டு கிளாஸ் பிராந்தி குடிப்பேன், பாதிரியாரும்தான் குடிக்கிறார். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கம்பெனி டாக்டர் கொடுத்த மாத்திரையை மார்ச்சிலேயே மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன், அதன் பிறகு ஒரு மருந்தும் தொட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்படிப்பட்டவனைப் பார்த்து எழுதுகிற எழுத்தா இது?

பிப்ரவரி ஏழாம் தேதி இங்கே கோர்ட் கட்டடத்து மாடியில் விசாரணை. நான் தோற்றால், வேலைக்குச் சம்பந்தமில்லாத வியாதிக்காரன் என்று இருபத்திரண்டு வருஷ இடத்தை மில் இன்னொருவனுக்குக் கொடுத்துவிடும். அதைக்கூடப் பொறுப்பேன். குடித்தே வயிற்றை ஓட்டை போட்டுக்கொண்டவன் என்று ஊர் சொல்லுமே, அதை என்னால் பொறுக்க முடியாது.

அந்த இரண்டு பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். உன் கூலியாக மான் தொடை ஒன்று அனுப்புகிறேன். இனாம் வேண்டாம்.

எர்வின் க்ளக்

---

மில்வாக்கி
11 நவம்பர் 1996

எர்வின்,

டாக்டர் என்று அழைத்திருக்கிறாய். டாக்டராகவே பதில் சொல்கிறேன்.

அந்த இரண்டு பக்கத்தில் சுபாவம் பற்றிய வரியைக் கிழித்து எறி. இன்றைக்கு அதைச் சொல்கிறவன் பழைய புத்தகம் வைத்திருக்கிறான். கவலை அல்சரைக் கிளறும், ஆனால் அதைப் பெற்றுப் போடுவது பெரும்பாலும் இரண்டே பேர். ஒன்று, வயிற்றில் குடியிருக்கும் ஒரு கிருமி. இரண்டு, வலிக்குப் போடும் மாத்திரை. உன் வயிற்றிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை என்று அந்த ஆளே எழுதியிருக்கிறார். மாத்திரையும் இல்லை என்று நீயே சொல்லிவிட்டாய். ஆக, அம்மா அப்பா இல்லாமல் பிறந்த அல்சர் உன்னுடையது. அபூர்வமாக அப்படியும் உண்டு. ஆனால் அதை ஒரு நீதிபதியிடம் சொல்லிப் பார், பிராந்தியைத்தான் தகப்பன் என்று எழுதுவார்.

நான் இருபது வருஷமாக இந்தக் காகிதங்களை எழுதுகிறேன். நோயாளி சொல்வதை நம்புவதைவிட, அவன் செய்ததை நம்புவேன். தோள் தசை கிழிந்தவன் நீ. மே மாதத்திலேயே முழு வேலைக்குத் திரும்பிவிட்டாய் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அந்தக் கையைத் தலைக்கு மேலே எப்படித் தூக்கினாய்? அதை மட்டும் எழுது. வீரம் பேசாதே.

கடைசியாக ஒன்று. நீ ஏன் பேச்சை நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் மில் கூட்டாளி கிளெம் ரெஷலின் அல்சர் பற்றி எண்பத்தொன்பதில் இன்ஷூரன்ஸுக்கு நான் எழுதியது, அன்றைக்கு மருத்துவம் அறிந்திருந்ததை வைத்து எழுதியது. மனைவி அவரை விட்டுப் போன விஷயம் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் இருந்தது. நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாயே, அதற்கு நான் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க நினைத்ததுண்டு.

மான் தொடை வேண்டாம். செலவு செய்து அனுப்பாதே.

அடலின்

---

கார்வர் ரேப்பிட்ஸ்
20 நவம்பர் 1996

டாக்டர் அவர்களுக்கு,

கையை எப்படித் தூக்கினேன் என்று கேட்டாய். எல்லோரும் தூக்குகிற மாதிரிதான். ஜாடியிலிருந்து இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டு தூக்கினேன்.

உனக்குப் புரியாது போலிருக்கிறது, விளக்குகிறேன். மில் வாசலில் வருகை அட்டை குத்தும் மெஷின், அதற்குப் பக்கத்தில் காப்பிப் பாத்திரம், அதற்குப் பக்கத்தில் பழைய ஊறுகாய் ஜாடி நிறைய வெள்ளை மாத்திரை. அட்டையைக் குத்து, இரண்டை வாயில் போடு, கறுப்புக் காப்பியில் இறக்கு, உள்ளே போ. சாப்பாட்டு மணிக்கு முன்னால் இரண்டு. வீட்டுக்குப் போகும்போது இரண்டு, சட்டைப்பையில் ஒரு பிடி. மருந்து என்றால் டாக்டர் எழுதி, என் பெயர் ஒட்டிய பாட்டிலில் வருவது. ஜாடியில் இருப்பதை மருந்து என்று சொன்னால் மில்லே சிரிக்கும். ஃபோர்மேன் ஹார்லன் தினமும் சொல்வார்: “ரெண்டு போட்டுக்கடா, கை தானா மேல போகும்.” போகத்தான் போனது.

முன்கதையும் கேள். என் தோள் கிழிந்த அன்று கேட்டுக்கு வெளியே பலகையில் 412 என்று இருந்தது. காயத்தால் ஒரு ஆள்கூட வீட்டில் உட்காராமல் ஓடிய நாட்கள். ஐந்நூறு வந்தால் முந்நூற்று இருபது பேருக்கும் ஆளுக்கொரு கோட்டு. நான் வீட்டில் உட்கார்ந்தால் எண் பூஜ்யம். மறுநாள் காலையிலேயே ஹார்லன் கார் எடுத்து வந்து என்னைக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, இடது கையால் லேபிள் ஒட்டச் சொன்னார். லேசான வேலை என்று பெயர். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் துள்ளிக்கொண்டு போனேன். எனக்கும் அந்தக் கோட்டு வேண்டியிருந்தது. இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. துப்பாக்கியைத் தோளில் வைக்க முடியாததால் இந்த வருஷம் மார்லிஸ் சுடுவாள், நான் தெர்மாஸ் தூக்குவேன். சிரிக்காதே.

கிளெம் விஷயத்தில் கடிதத்தில்கூடப் பொய் எழுதாதே. ஷெரில் அவனை விட்டுப் போனதை அவன் ஆஸ்பத்திரியில் ஒரு ஈ காக்கையிடம் சொல்லவில்லை. அவன் காகிதங்களை நான் முழுக்கப் பார்த்தேன். அதை உன்னிடம் சொன்னவன் நான். ரிக்டர் ஓட்டலில், மீன் தட்டுக்கு மேலே குனிந்து, அக்காவிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னேன். அது அப்படியே உன் ரிப்போர்ட்டில் ஏறி, வக்கீல் வாயால் ஊருக்கு முன்னால் வாசிக்கப்பட்டது. ‘குடும்பக் கலக்கத்தால் வந்த புண்.’ கிளெம் அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு உன் கிறிஸ்துமஸ் பெட்டி ஈடாகாது.

எர்வின்

---

மில்வாக்கி
27 நவம்பர் 1996

எர்வின், கழுதையே,

நீ சாப்பிட்டது ஏழு மாதம், ஒரு நாளைக்கு ஆறு எட்டு வலி மாத்திரை, வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பியோடு. என்னைச் சுவரில் ஓட்டை போடச் சொன்னாலும் அந்தச் சாமானைத்தான் எடுப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு நின்றிருக்கிறாய்.

கவனமாகக் கேள். தோள் வேலையில் போனது, அதை அவர்களே ஒத்துக்கொண்டாயிற்று. அந்தத் தோளுக்குப் போட்ட மாத்திரை வயிற்றைக் கிழித்தால் அந்த வயிறும் தோளோடு சேர்ந்ததுதான். மாத்திரையை வாங்கி வைத்ததும் கம்பெனி, போட்டுக்கொள் என்றதும் கம்பெனி. நீ ஜெயிப்பாய். இதை நான் அக்காவாகச் சொல்லவில்லை, எதிர்ப்பக்கத்துக்கு எழுதியே பழகியவளாகச் சொல்கிறேன்.

ஆனால் நான் உனக்காக எழுதக் கூடாது, ரத்த பந்தம் என்று தள்ளிவிடுவார்கள். உன்னைக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரிடம் போய் ஜாடிக் கதையை ஒன்று விடாமல் சொல்லு, அவர் எழுதட்டும். முதலில் மருந்தே இல்லை என்றவன் இப்போது ஜாடி என்கிறான், கதை கட்டுகிறான் என்பார்கள். அதற்கு உன் வாய் போதாது, காகிதம் வேண்டும். அந்த ஜாடி தானாக நிரம்பாது. யார் நிரப்புவது? எத்தனை நாளைக்கு ஒரு முறை? அந்த ஆளைப் பிடி.

கிளெம் விஷயத்தில் நீ சொன்னதுதான் நிஜம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அது இல்லை. இத்தனை வருஷமாக இருந்ததாகவே எனக்கு நானே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். இல்லை.

நாளைக்கு நன்றி நாள், வான்கோழி விருந்துக்குப் பக்கத்து வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். மார்லிஸ் சுட்டாளா?

அடலின்

---

கார்வர் ரேப்பிட்ஸ்
9 டிசம்பர் 1996

அக்கா,

மார்லிஸ் முதல் நாள் காலையிலேயே எட்டுக் கிளைக் கொம்போடு ஒன்றைச் சாய்த்துவிட்டாள். இந்த ஊரில் இனி எனக்கு மரியாதை இல்லை.

ஜாடியை நிரப்புவது யார் என்று கேட்டாய். உட்கார்ந்து படி. கிளெம் ரெஷல்தான். பாதி வயிற்றை வெட்டி எடுத்த பிறகு கனமான வேலை ஆகாது என்று அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். கையுறை, துடைப்பம், விளக்கு, மாத்திரை எல்லாம் அவன் கையால்தான் வெளியே வரும்.

போனேன். ஷெல்ஃபுகளுக்கு நடுவே உட்கார்ந்து, அன்றைய நாலாவது சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவை சாப்பிடுகிறான், ஒவ்வொரு தடவையும் குருவி அளவு. அன்றைக்கு அரை முட்டையும் இரண்டு பிஸ்கட்டும். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தான். ஏழு வருஷத்து மாத்திரைச் சீட்டுகள். தேதி, எண்ணிக்கை, ஹார்லனின் கையெழுத்து. வாரத்துக்கு ஒரு முறை ஆயிரம் மாத்திரைப் புட்டி ஒன்று, என் தோள் கிழிந்த மார்ச்சிலும் அப்படியே.

“உனக்குன்னா தர்றேன்,” என்றான். பிறகு மீதி முட்டையைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: “உங்க அக்காகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொல்லு. எண்பத்தெட்டுல மில்லுல நான் முட்டியை உடைச்சுக்கிட்டு பதினோரு மாசம் இதே ஜாடியிலதானே கையை விட்டேன். அவங்க என்னை ஏன் கேக்கல?”

உன்னிடம் பதில் இருந்தால் அனுப்பு.

எர்வின்

---

மில்வாக்கி
15 டிசம்பர் 1996

எர்வின்,

கிளெமின் கேள்விக்குப் பதில்.

நான் கேட்டேன். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார், ஒன்றுமில்லை என்று எழுதினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. உன்னிடம் பதினொரு நிமிஷம் பேசிய டாக்டர் செய்ததும் இதுதானே.

ஆனால் அந்த ஆள் சிகாகோக்காரர், அவருக்கு ஜாடி தெரியாது. நான்? காலேஜ் விடுமுறை இரண்டு கோடைக்கு அதே மில் ஆபீஸில் தட்டச்சு அடித்தேன். ஜாடி இருக்கும் அந்த மேசையில்தான் காப்பி ஊற்றிக்கொள்வேன். ஜாடிக்கு மூடியைப் போட்டு வைத்திருக்கிறேன், எர்வின், ஈ மொய்க்கக் கூடாது என்று. கார்வர் ரேப்பிட்ஸ் ஆள் மருந்து இல்லை என்று சொன்னால் ஜாடியைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று இந்த மாநிலத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய டாக்டர் நான் ஒருத்திதான். கேட்கவில்லை. மனைவி விட்டுப் போன கதை கையில் இருந்தது, அது போதும் என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதில் யாருக்கும் லாபமில்லை. அதனால் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கிளெமிடமிருந்து வெட்டிய வயிற்றின் துண்டு மெழுகில் பதித்து இன்னும் அலமாரியில் இருக்கிறது, எறிவதில்லை. அன்றைக்குக் கிருமியைத் தேடும் வழக்கமில்லை, இன்றைக்குத் தேடலாம். கிருமி இல்லாவிட்டால் அவர் அல்சருக்கும் ஜாடிதான் தகப்பன். இருந்தால் அவர் வழக்கு பலமிழக்கும், அதையும் மறைக்காமல் சொல்லு. இதோடு இருக்கும் தாளில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் தொடுவார்கள்.

இன்னொரு தாளும் இருக்கிறது. நான் எழுதிய பழைய ரிப்போர்ட் தவறு என்று, காரணங்களோடு, நாலு பக்கம். அவருடைய வழக்கை மறுபடி திறக்க அது உதவும். இது போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இனி எனக்கு வேலை அனுப்ப மாட்டார்கள். அனுப்ப வேண்டாம்.

நேரில் கொடு. தபாலில் போடாதே. அவர் வாங்குவாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அக்கா

---

கார்வர் ரேப்பிட்ஸ்
21 டிசம்பர் 1996

அக்கா,

கையெழுத்துப் போட்டான். கிருமி இருந்தா இருக்கட்டும், தெரிஞ்சுக்கிட்டாவது சாவேன் என்றான்.

உன் நாலு பக்கத்தை நின்றுகொண்டே படித்தான். படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். “பேப்பர் வேணாம்டா. எனக்கு நடந்தது பேப்பர்லயா நடந்துச்சு? ஊரே உக்காந்திருந்த ரூம்ல வாசிச்சாங்க. உனக்காக நான் சாட்சிக்கு ஏறுனா அதே கம்பெனி வக்கீல் அதே பேப்பரைத் தூக்கி என் மூஞ்சில அடிப்பான். அப்ப உங்க அக்கா அந்த ரூம்ல இருக்கணும். இல்லேன்னா தகரப் பெட்டியைத் தர மாட்டேன்.”

ஆக என் வயிறு இப்போது உன் கையில். உன்னை வற்புறுத்தவில்லை. மில்லில் பாதிப் பேர் விடுப்புப் போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள், யாரும் உனக்கு நல்ல வார்த்தை சொல்லப் போவதில்லை.

இந்த வருஷம் பெட்டி அனுப்பினால் பிரிப்பேன்.

தம்பி

---

மில்வாக்கி
10 பிப்ரவரி 1997

எர்வின்,

விசாரணை முடிந்ததும் உன்னிடம் சொல்லாமல் கிளம்பி வந்ததற்கு மன்னித்துக்கொள். பனி கொட்டப் போகிறது என்று மார்லிஸிடம் சொன்னது பொய். வானம் பளிச்சென்றுதான் இருந்தது.

உனக்கும் கூட்டத்தில் தெரிந்திருக்கும், ஆனால் என் இடத்திலிருந்து எப்படி இருந்தது என்று சொல்கிறேன். கிளெம் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கியபோது நீதிபதி அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதே நீ ஜெயித்துவிட்டாய். அதன் பிறகு கம்பெனியின் அந்த ஒல்லி வக்கீல் எழுந்து, இந்தச் சாட்சிக்கே வந்த அல்சரைப் பற்றி ஒரு டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள் என்று என் பழைய வரியை வாசித்தான். ஷெரில் பெயரோடு. கிளெம் வக்கீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நீ சொன்ன அந்தப் பார்வை எது என்று அப்போதுதான் தெரிந்தது.

யாரும் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். உட்காரச் சொன்னார்கள், பிறகு முறைப்படி கூப்பிட்டார்கள். நாலு பக்கம் மனப்பாடமாக வைத்திருந்தேன், ஏறியவுடன் எல்லாம் போய்விட்டது. நினைவில் இருப்பது இவ்வளவுதான்: “அந்த வரியை எழுதினது நான். அது தப்பு. ஊர்ல காதுல விழுந்ததை வைத்தியம்னு எழுதிட்டேன். ஜாடியை எனக்குத் தெரியும், கேக்கல.” பிறகு மெழுகுத் துண்டின் முடிவைச் சொன்னேன். கிருமி இல்லை, ஒன்றுகூட இல்லை. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஹார்லன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ரிக்டர் ஓட்டலுக்கு மீன் சாப்பிடக் கிளம்புவது தெரிந்தது. வெள்ளிக்கிழமை, கிளம்பத்தான் செய்வார்கள். அந்த மேசையில்தான் நீ ஷெரில் விஷயத்தை என்னிடம் சொன்னாய், அங்கே போய் உட்கார என்னால் முடியவில்லை. நூற்றைம்பது மைல் ஓட்டி வந்து ரொட்டி சுட்டுத் தின்றேன்.

இந்த மாதம் ஒரு ஃபைல்கூட வரவில்லை. ஏரிக்கரையில் நடக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

அக்கா

---

கார்வர் ரேப்பிட்ஸ்
18 மார்ச் 1997

அக்கா,

தீர்ப்பு வந்துவிட்டது. வயிறும் அவர்களுடையதுதான். ஜாடி கம்பெனி கொடுத்த சிகிச்சை என்றே நீதிபதி எழுதியிருக்கிறார். ஏப்ரல் முதல் தேதி வேலைக்குப் போகிறேன், என் இடம் என்னுடையதே. பிராந்தியைப் பற்றி ஒரு வரி இல்லை. மார்லிஸ் தீர்ப்பு முழுவதையும் பாதிரியாருக்கு வாசித்துக் காட்டினாள். கிளெமின் வழக்கையும் மறுபடி திறந்துவிட்டார்கள், மே மாதம் தேதி.

ஜாடியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு தட்டில் பெப்பர்மின்ட் வைத்திருக்கிறார்கள், ஒருவனும் தொடவில்லையாம். கேட்டுப் பலகையில் எண் பூஜ்யம். ஹார்லனே ஏணி போட்டு ஏறி மாற்றியிருக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

இனி முக்கியமான விஷயம். நேற்று கிளெம் வீட்டுக்கு வந்தான். கம்பிக் கதவைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றான், உட்காரவில்லை. அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“முழு மீன் எனக்கு இறங்கறதில்ல, உனக்குத் தெரியும். ஏழு வருஷமா பாதியைத் தட்டுலயே விட்டுட்டு எழுந்திரிக்கிறேன். ரிக்டர் பொண்டாட்டி திட்டுறா. உங்க அக்காவை வரச் சொல்லு. அந்தப் பாதியை அவங்க சாப்பிடட்டும்.”

வருகிற வெள்ளி, ஐந்தரை மணிக்கு மேசை சொல்லிவிட்டேன். நாலு நாற்காலி. பனி என்று சொல்லாதே, ரேடியோவில் கேட்டுவிட்டேன்.

தம்பி எர்வின்